கிளேர் கவுண்டித் தொகுதி (1801–1885): வென்று கொடுத்தவர்களே வாக்குரிமையை இழந்தது எப்படி?

பதிவு 1 – பொன்னிவளவன்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வேக்கும் ஷானன் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் இடையே அமைந்திருக்கிறது கிளேர் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி). 1801 சனவரி 1 அன்று, அயர்லாந்தைப் பிரிட்டனுடன் இணைத்த ஒன்றியச் சட்டம் நடைமுறைக்கு வந்து டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தபோது, லண்டன் காமன்ஸ் அவையில் அயர்லாந்துக்கு 100 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 32 கவுண்டிகளுக்கும் தலா இரண்டு இடங்கள் என்ற கணக்கில் கிளேருக்கும் இரண்டு இடங்கள் கிடைத்தன. அதன் தலைநகரான என்னிஸுக்குத் தனியாக ஓர் இடம் இருந்தது. 1885-இல் கிழக்கு கிளேர், மேற்கு கிளேர் என்று பிரிக்கப்படும் வரை, 84 ஆண்டுகள் இந்த இரட்டை உறுப்பினர் தொகுதி நீடித்தது.

இந்தத் தொகுதியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1828-ஐ எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓ'கானல் வென்றார், மறு ஆண்டே கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர வழிசெய்த கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் வந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த வெற்றியை ஈட்டிக் கொடுத்த வாக்காளர்களின் பெயர்களை, அதே 1829-இல், அதே அரசு, அதே ஏப்ரல் மாதத்தில் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது என்பது பெரும்பாலும் ஒரு துணைவாக்கியமாகவே வந்துபோகிறது. என் பார்வையில் இத்தொகுதியின் வரலாறே அந்தத் துணைவாக்கியத்தில்தான் இருக்கிறது. யார் வென்றார் என்பதைக் காட்டிலும் யாருக்கு வாக்கு இருந்தது, அந்த வாக்கு யாருடைய கண்முன்னே அளிக்கப்பட்டது என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு கிளேரைப் பேசலாம் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பதிவு 2 – சட்டமணி

நல்ல கேள்வி. முதலில் அந்த வாக்காளர் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

கவுண்டித் தொகுதியில் வாக்களிக்க, ஆண்டுக்கு 40 ஷில்லிங் (2 பவுண்டு) மதிப்புள்ள நிலத்தில் முழு உரிமை வேண்டும் என்பது பழைய விதி. இங்கிலாந்தில் இது பெரும்பாலும் சொந்த நிலத்தையே குறித்தது. அயர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே நிலக்கிழார்கள் 'உயிர்க்குத்தகை' என்னும் முறையில் நிலத்தை விட்டார்கள். ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்ட மூன்று பேரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும் வரை குத்தகை செல்லும். யார் எப்போது இறந்தார் என்பது ஊரறிய வேண்டும் என்பதற்காக அரச குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களைப் போடுவதும் வழக்கில் இருந்தது. இத்தகைய குத்தகைக்கு ஆண்டுக்கணக்கில் காலவரம்பு இல்லாததால், சட்டத்தின் பார்வையில் அது முழு உரிமை. ஆகவே, வாடகை போக எஞ்சும் மதிப்பு 40 ஷில்லிங் இருக்கிறது என்று குடியானவர் சத்தியம் செய்தால் போதும், அவர் வாக்காளர் ஆகிவிடுவார்.

1793-இல் கத்தோலிக்கருக்கும் வாக்குரிமை கிடைத்ததும், நிலக்கிழார்களுக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி உயிர்க்குத்தகைக்கு விட்டால், ஒவ்வொரு துண்டும் ஒரு வாக்கு. வாக்குப்பதிவு வெளிப்படையானது, அதிகாரியின் முன் நின்று, தம் பெயரையும் தாம் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரோ அவருடைய முகவரோ அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வாடகை நிலுவை வைத்திருந்த குடியானவர் வேறு பெயரைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பதிவு 3 – தேன்மொழி

சட்டமணி ஐயா சொன்னதற்குப் பிறகு 1828-ஐப் பார்த்தால் வியப்பு இரட்டிப்பாகிறது.

அந்த இடைத்தேர்தல் வந்ததே ஒரு சட்ட நடைமுறையால்தான். கிளேரின் உறுப்பினர் வில்லியம் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பிரதமர் வெலிங்டன் கோமகன் தம் அமைச்சரவையில் வணிக வாரியத் தலைவராக்கினார். அரசுப் பதவியை ஏற்கும் உறுப்பினர் தம் இடத்தைத் துறந்து மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வழக்கமாக இது வெறும் சடங்கு. ஃபிட்ஸ்ஜெரால்டு கெட்ட நிலக்கிழார் அல்லர். கத்தோலிக்கர் கோரிக்கைக்கு ஆதரவாகவே வாக்களித்து வந்தவர். அவருடைய தந்தை ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒன்றியத் திட்டத்தை எதிர்த்ததற்காக 1799-இல் உயர்பதவியை இழந்தவர். ஆயினும் வெலிங்டன் அரசில் சேரும் எவரையும் எதிர்ப்பது என்று, ஓ'கானல் தலைமையிலான கத்தோலிக்கர் சங்கம் முடிவெடுத்திருந்தது. மேஜர் வில்லியம் மக்னமாரா என்ற புராட்டஸ்டண்ட் நிலவுடைமையாளரை நிறுத்த முயன்றார்கள்; அவர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் ஓ'கானலே நிற்பது என்ற எண்ணம் எழுந்தது.

கத்தோலிக்கர் ஒருவர் தேர்தலில் நிற்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. தடை இருந்தது அவைக்குள் நுழையும் வாசலில். அங்கே எடுக்க வேண்டிய உறுதிமொழிகள் கத்தோலிக்க நம்பிக்கையை மறுப்பவை. எந்தக் கத்தோலிக்கரும் மனமறிந்து அவற்றைச் சொல்ல முடியாது.

சூன் 30 அன்று என்னிஸ் நீதிமன்றக் கட்டடத்தில் பெயர்கள் முன்மொழியப்பட்டன. சூலை 5 அன்று முடிவு வந்தது: ஓ'கானல் 2,057, ஃபிட்ஸ்ஜெரால்டு 982. டிரோமோலண்டின் சர் எட்வர்ட் ஓ'பிரையன் போன்ற பெரிய நிலக்கிழார்கள் ஃபிட்ஸ்ஜெரால்டின் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய குடியானவர்களோ பங்குக் குருக்களின் பின்னால் ஊர் ஊராக அணிவகுத்து வந்து எதிர்ப்பக்கம் வாக்களித்தார்கள். கொரோஃபின் பங்குக் குரு ஜான் மர்ஃபியின் பெயர் இதில் முக்கியமானது. தேர்தல் என்றாலே குடியும் கைகலப்பும் என்றிருந்த காலத்தில், அந்த நாள்களில் மது அருந்துவதில்லை என்று ஓ'கானலின் ஆதரவாளர்கள் உறுதி எடுத்துக் கடைப்பிடித்தார்கள். அரசை மிகவும் அச்சுறுத்தியது இந்த ஒழுங்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கலகம் நடந்திருந்தால் அதை அடக்கப் படை இருந்தது. கலகமே நடக்காத கூட்டத்தை என்ன செய்வது?

பதிவு 4 – மாறன்குடி

தேன்மொழி அவர்கள் வரைந்த சித்திரம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்கிறது. நிலக்கிழாரின் பின்னால் வரிசையாகப் போனவர்கள் இப்போது குருவின் பின்னால் வரிசையாகப் போனார்கள். இதை எப்படிச் சுதந்திரமான வாக்கு என்று சொல்வது? வெலிங்டன் அமைச்சரவையில் இருந்தவர்களின் வாதமும் இதுதான்: இந்த வாக்காளர்களுக்குச் சொந்த விருப்பம் கிடையாது, எசமான் மாறியிருக்கிறார், அவ்வளவே; ஆகவே இவர்களிடமிருந்து வாக்கைப் பறிப்பதால் எந்த உரிமையும் பறிபோகவில்லை.

நான் அந்த வாதத்தை ஏற்கிறேன் என்று பொருளல்ல. அதை எதிர்கொள்ளாமல் 1829-ஐப் பேச முடியாது என்கிறேன்.

பதிவு 5 – தேன்மொழி

மாறன்குடி அவர்களுக்கு: அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நிலக்கிழாரை எதிர்த்து வாக்களித்தவரை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியும். குருவை எதிர்த்தவருக்கு ஊரின் வெறுப்பும் மறுமை பற்றிய அச்சமும் மிஞ்சும். இரண்டும் அழுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூரையை இழக்கும் அபாயம் இருந்தும் இரண்டாயிரம் பேர் நிலக்கிழாரின் காதுபட ஓ'கானலின் பெயரைச் சொன்னார்கள் என்றால், அவர்களுக்கென்று ஒரு விருப்பம் இருந்திருக்கிறது. தவிர, இது கிளேரில் திடீரென்று முளைத்ததும் அல்ல. 1826 பொதுத்தேர்தலில் வாட்டர்ஃபோர்டில் பெரஸ்ஃபோர்டு குடும்பத்தின் வேட்பாளரை அதே 40 ஷில்லிங் வாக்காளர்கள் தோற்கடித்திருந்தார்கள். 1824 முதல் மாதம் ஒரு பென்னி கொடுத்துக் கத்தோலிக்கர் சங்கத்தில் சேர்ந்தவர்களும் இவர்களே.

உண்மையில், நிலக்கிழாருக்கு அடங்கி வாக்களித்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இவர்களுக்குச் சொந்த விருப்பம் இல்லை என்பது எவருக்கும் குறையாகப் படவில்லை. எதிர்த்து வாக்களித்த பிறகுதான் அந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்டது.

பதிவு 6 – பொன்னிவளவன்

தேன்மொழி அவர்களின் கடைசி வரிகளுக்கு மேல் நான் சேர்க்க அதிகம் இல்லை. நடந்ததை மட்டும் வரிசைப்படுத்துகிறேன்.

கிளேரின் முடிவைக் கண்ட வெலிங்டனும் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலும், அடுத்த பொதுத்தேர்தலில் கவுண்டி கவுண்டியாக இதுவே நடக்கும் என்பதை உணர்ந்தார்கள். பீல் அதுவரை கத்தோலிக்கர் விடுதலையை எதிர்த்தவர். மனம் மாறியதற்காகத் தம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியையே இழந்தார். 1829 ஏப்ரல் 13 அன்று விடுதலைச் சட்டம் அரச ஒப்புதலைப் பெற்றது. அதனுடன் இணையாக வந்த மற்றொரு சட்டம், அயர்லாந்துக் கவுண்டிகளில் வாக்குரிமைக்கான தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தியது. அயர்லாந்து முழுவதும் சுமார் 2,16,000 ஆக இருந்த கவுண்டி வாக்காளர் எண்ணிக்கை சுமார் 37,000 ஆகச் சுருங்கியது. ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள்.

இன்னொரு சிறுமையையும் குறிப்பிட வேண்டும். புதிய உறுதிமொழி, சட்டம் வந்த பிறகு தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு மட்டுமே என்று எழுதப்பட்டிருந்தது. 1829 மே மாதம் ஓ'கானல் அவையின் முன் வந்தபோது பழைய உறுதிமொழியையே நீட்டினார்கள். அவர் மறுத்தார், இடம் காலியானதாக அறிவிக்கப்பட்டது. சூலையில் கிளேர் அவரைப் போட்டியின்றி மீண்டும் அனுப்பியது. 1830 பிப்ரவரியில்தான் அவர் அமர்ந்தார். அதே ஆண்டு பொதுத்தேர்தலில் வாட்டர்ஃபோர்டு கவுண்டிக்கு மாறிவிட்டார். அந்தப் புகழ்பெற்ற உறுப்பினர் கிளேருக்காக அவையில் அமர்ந்திருந்தது சில மாதங்கள் மட்டுமே.

பதிவு 7 – சட்டமணி

ஓ'கானலின் பங்கைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1825-இல் ஒரு விடுதலை மசோதா வந்தபோது, 40 ஷில்லிங் வாக்குரிமையை ஒழிக்கும் ஏற்பாட்டையும் அதனுடன் சேர்த்து ஏற்க அவர் இசைந்தார். அந்த வாக்காளர்கள் நிலக்கிழாரின் கைப்பொம்மைகள் என்று அப்போது அவரே நம்பினார். மசோதா பிரபுக்கள் அவையில் தோற்றது. வாட்டர்ஃபோர்டும் கிளேரும் நடந்த பிறகு, இந்த வாக்காளர்களைக் கைவிடமாட்டேன் என்று மேடைகளில் உறுதி கூறினார். 1829-இல் சட்டம் வந்தபோது எதிர்ப்புத் தெரிவித்தாரே தவிர, அதற்காக விடுதலைச் சட்டத்தைப் பணயம் வைக்கும் அளவுக்குப் போகவில்லை. துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன். பேரம் என்று சொல்வேன். கவுண்டியின் வசதி படைத்த கத்தோலிக்க வழக்கறிஞர்களுக்கும் வணிகர்களுக்கும் அவையின் கதவு திறந்தது; அதற்குரிய விலையைக் கால் ஏக்கரில் கிழங்கு பயிரிட்டவர் கொடுத்தார்.

பதிவு 8 – மாறன்குடி

அதனுடன் ஒன்று. வாக்கு போனதும் அந்தக் குடியானவர்களால் நிலக்கிழார்களுக்கு அரசியல் பயன் இல்லாமல் போனது, ஆகவே வெளியேற்றத் தொடங்கினார்கள் என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கும். இதை அளவோடு ஏற்கலாம். 1815-க்குப் பிறகு போர்க்கால விலைகள் சரிந்ததால், சிறு துண்டுகளை ஒன்றுசேர்த்து மேய்ச்சல் நிலமாக்கும் போக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உள்குத்தகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1826-லேயே வந்தது. வாக்குரிமை இழப்பு இருந்த ஒரு தடையை நீக்கியது என்பதே சரியான கூற்று.

பதிவு 9 – கிழக்குவாசல்

இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் இந்தத் தொகுதி எப்படி இருந்தது, அந்த நிலக்கிழார்கள் பிறகு தேர்தலில் நின்றார்களா என்பதையும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

பதிவு 10 – பொன்னிவளவன்

நின்றார்கள், வென்றும் இருக்கிறார்கள். கிளேரின் மக்கள்தொகை 1841-இல் சுமார் 2,86,000. 1851-இல் சுமார் 2,12,000. நான்கில் ஒருவர் இறந்தோ கப்பலேறியோ போய்விட்டார். கவுண்டியின் தென்மேற்கிலுள்ள கில்ரஷ் பகுதியில் நடந்த வெளியேற்றங்கள் அயர்லாந்திலேயே மிகக் கொடியவற்றுள் சேரும். வறியோர் சட்ட ஆய்வாளராக அங்கே இருந்த கேப்டன் ஆர்தர் கென்னடி, எந்த நிலத்தில் எத்தனை வீடுகள் இடிக்கப்பட்டன என்று பட்டியலிட்டு மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1850-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. அப்பகுதியின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவர் கர்னல் கிராஃப்டன் மூர் வாண்டலர். அவருடைய நிலங்களிலிருந்தும் ஏராளமானோர் வெளியேற்றப்பட்டார்கள். அவரே 1859-இல் கிளேரின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1874 வரை இருந்தார்.

இது எப்படி நடந்தது என்றால், வெளியேற்றப்பட்டவருக்கு வாக்கு இல்லை. 1850-இல் வந்த சட்டம் 12 பவுண்டு வரிமதிப்புள்ள நிலத்தை வைத்திருப்பவருக்கு வாக்குரிமை அளித்தது. பஞ்சத்தைத் தாக்குப்பிடித்து, பக்கத்து வயலையும் சேர்த்துக்கொண்டு சற்றே பெரிதான விவசாயியே புதிய வாக்காளர். அவரும் வெளிப்படையாகத்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

1852 சூலையில் சிக்ஸ்மைல்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் அந்த முறையின் முகம் தெரிந்தது. நிலக்கிழாரின் குடியானவ வாக்காளர்களை வண்டிகளில் ஏற்றி, படைவீரர்கள் காவலுடன் வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தார்கள். குருக்களும் ஊர்மக்களும் குறுகிய தெருவில் வண்டிகளை மறித்தார்கள், கல்வீச்சு நடந்தது, வீரர்கள் சுட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிஸில் நடந்த அதே இழுபறிதான் இதுவும். ஒருபுறம் நிலக்கிழார், மறுபுறம் குரு, நடுவில் வண்டியில் உட்கார்ந்திருக்கும் வாக்காளர். மறைவாக்குச் சட்டம் 1872-இல்தான் வந்தது. அடுத்து நடந்த 1874 பொதுத்தேர்தலோடு வாண்டலரின் காலம் முடிந்தது.

பதிவு 11 – தேன்மொழி

கனமான செய்திகளுக்கு நடுவே இதையும் சொல்லிவிடுகிறேன். 1877-இல் கிளேர் உறுப்பினர் சர் கோல்மன் ஓ'லாக்லன் இறந்ததும் அவருடைய தம்பி பிரையன் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரையன் அப்போது ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருந்தார். லண்டன் அவையில் அவர் அமரவே இல்லை. விக்டோரியாவில் அட்டர்னி ஜெனரல் பதவியை ஏற்றதால் 1879-இல் கிளேர் இடம் காலியானதாக அறிவிக்கப்பட்டது. 1881-இல் அவர் அந்தக் குடியேற்றத்தின் முதலமைச்சரே ஆனார். 1828-இல் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தேர்தலுக்குத் தள்ளியதும் அரசுப் பதவி ஏற்பது பற்றிய இதே வகை விதிதான்.

காலியான அந்த இடத்துக்கு வந்தவர் ஓ'கோர்மன் மஹோன். 1828-இல் ஓ'கானலுக்காக என்னிஸில் முன்னின்று உழைத்த இளைஞர்களில் ஒருவர். 1830-இல் கிளேரில் வென்று, லஞ்சப் புகாரில் இடத்தை இழந்தவர். பிறகு உலகெல்லாம் சுற்றியவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எண்பதை நெருங்கும் வயதில், அதே தொகுதிக்குத் திரும்பினார். 1880-இல் அவருடன் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னொருவர் கேப்டன் வில்லியம் ஓ'ஷே. அவருடைய மனைவி கேத்தரினுக்கும் அயர்லாந்துத் தன்னாட்சி இயக்கத்தின் தலைவர் பார்னெலுக்கும் ஏற்பட்ட உறவும், 1890-இல் முடிந்த மணமுறிவு வழக்கும், பார்னெலின் வீழ்ச்சியும் எல்லோரும் அறிந்தவை. அந்த வீழ்ச்சியின் ஒரு நூலும் கிளேரிலிருந்தே தொடங்குகிறது.

பதிவு 12 – கிழக்குவாசல்

மிக்க நன்றி. 1885 பிரிவினைக்குப் பிறகு வாக்காளர் விரிவடைந்தார்கள் என்று கொள்ளலாமா?

பதிவு 13 – சட்டமணி

சட்டத்தில் விரிவடைந்தார்கள். 1884 சட்டம் கவுண்டிகளிலும் குடும்பத்தலைவர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. 40 ஷில்லிங் வாக்காளரின் பேரன்மாருக்கு வாக்கு திரும்பியது என்று சொல்லலாம். கிழக்கு கிளேரின் உறுப்பினராக 1892 முதல் இருந்த வில்லி ரெட்மண்ட் 1917 சூனில் மெஸீன் போர்க்களத்தில் இறந்தார். அதனால் வந்த இடைத்தேர்தலில், சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்த விடுதலைப் போராட்டத் தலைவர் ஏமன் டி வலேரா 5,010 வாக்குகளும் எதிர்த்த பாட்ரிக் லிஞ்ச் 2,035 வாக்குகளும் பெற்றார்கள். 1828-ஐப் போலவே இரண்டுக்கு ஒன்று என்பதைவிடச் சற்றுக் கூடுதல். இந்த முறை வாக்கு மறைவானது.

1918-இல் வந்த சட்டம் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும், தகுதி வரம்புக்குட்பட்டு 30 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. அயர்லாந்தின் வாக்காளர் பட்டியல் சுமார் 7 லட்சத்திலிருந்து 19 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு திசம்பர் தேர்தலில் கிழக்கு கிளேரில் டி வலேராவும் மேற்கு கிளேரில் பிரையன் ஓ'ஹிக்கின்ஸும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கவுண்டி மீண்டும் ஒரே தொகுதியாக இணைக்கப்பட்ட பின் 1921-லும், 1922-லும் கிளேரில் போட்டி இல்லை. புதிய பட்டியலில் பெயர் ஏறிய கிளேர் பெண் ஒருவர் பொதுத்தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிக்க 1923 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலுக்காக என்னிஸில் பேச மேடையேறிய டி வலேராவை அங்கேயே கைது செய்தார்கள். சிறையில் இருந்தபடியே அவர் கிளேரில் வென்றார்.